சம்பந்தி வீட்டுக் குளியலறைச் சுவர்

என் அக்கா ஹோசியத் யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் கை கழுவிவிட்டு வரப் பத்து நிமிடம் ஆகும். கை கழுவ ஒரு நிமிடம். மீதி ஒன்பது நிமிடம் அந்த வீட்டுக் குளியலறைச் சுவரைத் தட்டிப் பார்க்க.

அவள் டைல்ஸ் ஒட்டுகிறவள். எங்கள் ஊர் மார்கிலானில் கால்வாய்க்கு இந்தப் பக்கம் இருக்கிற பாதிக் குளியலறைகள் அவள் கைவேலைதான். எங்கள் தெருவில் மட்டும் ஏழு வீடுகளில் ஒரே மயில் தோகை விரித்துக்கொண்டு நிற்கிறது. முதல் வீட்டுக்காரி ஒட்டச் சொன்னாள், அடுத்தவள் பார்த்தாள், அதற்கப்புறம் கேட்கவா வேண்டும். மூலை வீட்டு அம்மாள் மட்டும், “எனக்கு மயில் வேணாம், டால்பின்தான் வேணும். எதிர்வீட்டுல மூணு இருக்கு, எனக்கு நாலு ஒட்டு” என்றாள். அக்கா நாலு ஒட்டினாள். சுவர் சின்னது என்பதால் நாலாவது டால்பின் கதவுக்குப் பின்னால் போய்விட்டது. கதவைச் சாத்தினால்தான் தெரியும்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு நான்தான் காரணம் என்று இன்றும் சொல்வாள். பதினாறு வயதில் தையல் வகுப்புக்கு விண்ணப்பம் போட்டாள். இடமில்லை. அப்பா கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கட்டட வேலை வகுப்பில் சேர்த்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து நான் விண்ணப்பம் போட்டபோது தையல் வகுப்பில் இடம் கிடைத்தது. “என் நாற்காலியில நீ உக்காந்துட்டே, இனோபத்” என்பாள். நான் ஜன்னல் திரை தைக்கிறவள். அவள் சுவரை மூடுகிறாள், நான் ஜன்னலை மூடுகிறேன். குடும்பத்தில் யாருக்கும் ஒளிவுமறைவு கிடையாது என்றாலும் எங்களுக்குத் தொழில் மறைப்பதுதான்.

அவள் கணவர் யோல்தோஷ் அத்தான் ஒரு சின்ன வேன் ஓட்டுகிறார். டைல்ஸ் பெட்டி, பசை மூட்டை, ரசமட்டம் எல்லாம் அதில்தான் போகும். டீக்கடையில் அவரை ‘உஸ்தாவோட டிரைவர்’ என்று கிண்டல் செய்வார்கள். உஸ்தா என்றால் கைதேர்ந்த மேஸ்திரி. அவர் கோபப்படவே மாட்டார். “ஆமாப்பா, டிரைவர்தான். உங்க வீட்டு உஸ்தா உங்களுக்குச் சோறாவது போடுறாளா?” என்பார்.

இவர்களின் ஒரே மகள் மவ்ஜுதாவுக்குக் கோடையில் நிச்சயம் ஆனது. கால்வாய்க்கு அந்தப் பக்கத்து வீடு. பையன் அஸ்ரார், மின்வாரியத்தில் வேலை, பேச்சு குறைவு. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து சம்மதத்துக்கு அடையாளமாக ரொட்டி பிய்த்தார்கள், கல்யாணம் நவம்பரில் என்று முடிவாயிற்று. எங்கள் ஊர் வழக்கப்படி வீட்டைப் புதுப்பிப்பது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. அந்த அறைக்குள் வருகிற கட்டில், பீரோ, மெத்தை, திரை, கம்பளம் எல்லாம் பெண் வீட்டார் பொறுப்பு.

அக்காவுக்கு அங்கேதான் கை அரித்தது. மகள் குளிக்கப்போகிற இடத்தில் யாரோ டைல்ஸ் ஒட்டுகிறான், தான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சம்பந்தியம்மாள் மாப்பிள்ளை வீட்டில் கரணை பிடித்தாள் என்று வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் தெருவில் தலைகாட்ட முடியாது. சம்பந்தி என்றால் விருந்தில் முதல் இடத்தில் உட்கார வேண்டியவள். வாளி தூக்க வேண்டியவள் இல்லை.

“யாரு ஒட்டுறாங்களாம்?” என்று என்னிடம் நூறு தடவை கேட்டாள்.

“எனக்கெப்படிக்கா தெரியும்? நான் என்ன அந்த வீட்டு ஜன்னலா?”

“அளவெடுக்கப் போவோமில்ல, அப்பப் பாத்துக்கறேன்.”

அக்டோபர் முதல் வாரத்தில் திரைக்கு அளவெடுக்கப் போனோம். பெண் வீட்டுப் பெண்கள் நாலு பேர் போய், அறையை அளந்து, சாப்பிட்டுவிட்டு, புகழ்ந்துவிட்டு வர வேண்டும். அளவு நாடா ஒரு சாக்குதான். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் அளந்துகொள்கிற நாள் அது.

மாப்பிள்ளையின் அம்மா தோஜிகான் எங்களை வாசலிலேயே கட்டிக்கொண்டாள். குள்ளமான, கன்னம் சிவந்த பெண்மணி. நடக்கும்போதே பேசுவாள், பேசும்போதே வாயில் ஏதாவது திணிப்பாள். அறையைக் காட்டினாள், பிறகு பெருமையாகக் குளியலறைக் கதவைத் திறந்தாள்.

“எங்க கொழுந்தனார் மோமின்ஜான் ஒட்டுனது. மூணு வாரம் ராப்பகலா வேலை. ஒரு காசு வாங்கலை. ‘அஸ்ராருக்கு என் கல்யாணப் பரிசு அண்ணி’ன்னுட்டாரு. தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு.”

தொட்டிப் பக்கத்துச் சுவரில் மாதுளைக் கிளை. பன்னிரண்டு டைல்ஸ் சேர்ந்து ஒரே படம். பச்சை இலை, சிவப்புப் பழம், பார்க்க அழகுதான். உற்றுப் பார்த்தேன். ஒரு பழம் கிளையே இல்லாமல் அந்தரத்தில் தொங்கியது. பக்கத்திலேயே ஒரு கிளை, பழமில்லாமல் சுவரோரமாக முறிந்து நின்றது. இரண்டு டைல்ஸ் இடம் மாறியிருந்தன. நான் அக்கா முகத்தைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பல் வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பவள் சிரிப்பு அது.

“கண்ணு பட்டுரும் சம்பந்தி,” என்றாள்.

சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். சமோசா வந்தது, திராட்சை வந்தது, சூப் வந்தது. தோஜிகானின் உறவுப்பெண் ஒருத்தி கை கழுவக் கெண்டியும் பாத்திரமும் கொண்டுவந்தாள். அக்கா, “இல்லம்மா, நான் உள்ள போயே கழுவிக்கறேன்” என்று எழுந்தாள். நான் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தேன். உருவிக்கொண்டு போய்விட்டாள்.

தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது. பிறகு, டொக். டொக் டொக். ஒரு இடைவெளி. டொக்.

நான் திரைத்துணியைப் பற்றிச் சத்தமாகப் பேச ஆரம்பித்தேன். சுருக்கம் எத்தனை வைப்பது, உள்துணி வேண்டுமா, தங்கக் குஞ்சம் இப்போது வழக்கத்தில் உண்டா, வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்திலெல்லாம் உள்ளேயிருந்து டொக் டொக். தோஜிகான் என் தட்டில் ஒரு சமோசா வைத்தாள். அப்புறம் இன்னொன்று வைத்தாள். அவள் காது மட்டும் குளியலறைப் பக்கமே இருந்தது.

திரும்பி வரும்போது வேனில் அக்கா சொன்னாள்: “முப்பத்தொண்ணு.”

“என்ன முப்பத்தொண்ணு?”

“உள்ள காலியா இருக்கிற டைல்ஸ். நாலு மூலைக்கு நாலு உருண்டை, நடுவுல ஒரு உருண்டை பசை வச்சு அப்பியிருக்கான். முதுகு முழுக்கப் பல்லுக் கரணையால பசை இழுத்து ஒட்டியிருக்கணும். தொட்டிக்கு மேல இருக்கிற சுவரு. தினம் சுடுதண்ணி படும். பின்னாடி ஈரம் இறங்கும். குளிர்காலம் தாங்கலாம். வசந்தத்துல பொலபொலன்னு வந்துரும்.”

“வந்தா வரட்டும், அவங்க வீட்டுச் சுவரு. நமக்கென்ன?”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “வசந்தத்துல அந்த வீட்டுல புதுசா யாரு இருப்பா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. புது மருமகள் வந்த நாலாவது மாதத்தில் சுவர் இடிந்து விழுந்தால் பசையை யார் குறை சொல்லப்போகிறார்கள்? மருமகள் கால் வைத்த நேரம் என்பார்கள். பால் பொங்கி வழிந்தாலும், மாடு இளைத்தாலும், மாமனாருக்கு முதுகு பிடித்தாலும் முதல் வருடம் முழுக்க மருமகள் காலைத்தான் பார்ப்பார்கள். ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அந்தப் பெயர் சாகும்வரை கூடவே வரும்.

“எம் பொண்ணு காலுக்கு அந்தப் பேரு வர விடமாட்டேன்,” என்றாள் அக்கா. வேனை ஓட்டிக்கொண்டிருந்த அத்தான் வேகத்தைக் குறைத்தார்.

மூன்று நாள் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. நேரே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்பாள். சொன்னால் என்ன ஆகும்? கூலி வாங்காமல் பாசத்தோடு ஒட்டிய சித்தப்பாவைப் பெண்ணின் அம்மா அவமானப்படுத்தினாள் என்று ஆகும். கல்யாணமே நின்றாலும் நிற்கும். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“உன் கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலையா? எதுக்குத் தட்டுனே? தட்டாம இருந்திருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்பே!”

“நான் தூங்கியிருப்பேன். சுவரு தூங்குமாடி?”

நாலாம் நாள் காலையில் அவள் நல்ல முக்காடு கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். நாங்கள் இருவரும் தள்ளுமுள்ளில் இருக்கும்போதே யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் தோஜிகான். கையில் துணி போட்டு மூடிய தட்டு, தட்டில் சூடாக நெய் ரொட்டி. தனியாக வந்திருந்தாள். சம்பந்தி வீட்டுக்கு யாரும் தனியாக வரமாட்டார்கள்.

உட்கார்ந்தாள். டீயைக் கையில் வாங்கினாள், குடிக்கவில்லை.

“சம்பந்தி, எத்தனை?” என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“முப்பத்தொண்ணு,” என்றாள் அக்கா.

“நான் எண்ணுனப்ப இருபத்தொன்பது. நீங்க போனதும் மரக்கரண்டியை எடுத்துட்டுப் போய் ஒவ்வொண்ணாத் தட்டிப் பாத்தேன். எங்க வீட்டுக்காரரு, ‘பைத்தியம் புடிச்சிருக்கா உனக்கு’ன்னு கேட்டாரு.”

“குழாய்க்குப் பின்னாடி மூலையில ரெண்டு இருக்கு. கரண்டி எட்டியிருக்காது.”

“ஓ, அது ரெண்டா,” என்றாள் தோஜிகான். கணக்கு சரியாகிவிட்ட திருப்தியில் டீயை ஒரே மடக்கில் குடித்தாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

“விழுமா?”

“வசந்தத்துல விழும்.”

தோஜிகான் கொஞ்ச நேரம் விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். “மோமின்ஜான் நல்ல மனுசன். முற்றத்துக்குக் கல்லு பதிக்கிறவரு, சுவரு வேலை அவருக்குப் பழக்கமில்லை. ஆசைப்பட்டுச் செஞ்சாரு. அவருகிட்டப் போய் நான் எப்படிச் சொல்றது? சொல்லவும் கூடாது. நீங்களும் சொல்லாதீங்க. நான் பாத்துக்கறேன்.” ரொட்டித் தட்டில் அக்கா உலர்ந்த ஆப்ரிகாட்டை நிரப்பித் திருப்பிக் கொடுத்தாள். தோஜிகான் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

என்ன பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்று எங்களுக்குப் புரியவில்லை. இரண்டு நாளில் புரிந்தது. அவள் ஃபோன் வருவதற்கு முன்பே ரொட்டிக்காரி வழியாகச் செய்தி வந்துவிட்டது. தோஜிகான் கல்யாணத்துக்காகப் பெரிய இரும்புக் கொப்பரையைத் தேய்க்கக் குளியலறைக்குள் உருட்டிக்கொண்டு போனாளாம். கால் வழுக்கிவிட்டதாம். கொப்பரை சுவரில் மோதி, மாதுளைக் கிளை அந்தச் சுவர் டைல்ஸோடு அப்படியே தொட்டிக்குள் கொட்டிவிட்டதாம்.

நாற்பது பேருக்குப் பிலாவ் சமைக்கிற கொப்பரையை முற்றத்துக் குழாயடியை விட்டுவிட்டு யாராவது குளியலறையில் தேய்ப்பார்களா? இதை ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. தோஜிகான் அவசரக்காரி என்று எல்லாருக்கும் தெரியும், சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். மோமின்ஜான் மட்டும் கத்தியிருக்கிறார். “கண்ணு எங்க இருந்துச்சு அண்ணி? மூணு வார வேலையை மூணு நொடியில முடிச்சிட்டீங்களே!” தோஜிகான் தலையைக் குனிந்துகொண்டு நின்றாளாம்.

சாயங்காலம் ஃபோன் செய்தாள்.

“சம்பந்தி, உடைச்சுட்டேன். ஆனா அந்த மனுசன் அழுக்குச் சட்டையை மாட்டிக்கிட்டு வந்து நிக்கிறாரு. ‘அழாதீங்க அண்ணி, ஒரே வாரத்துல மறுபடி ஒட்டித் தரேன்’ங்கிறாரு! நான் என்ன பண்ணுவேன்?”

அக்கா ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். அப்போது வந்த யோசனை என்னுடையது. இதை இங்கே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் அக்கா இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை.

“சீர்ல சேத்துரு,” என்றேன்.

“என்னத்தை?”

“டைல்ஸை. கட்டில் நம்ம சீரு, திரை நம்ம சீரு. டைல்ஸும் நம்ம சீருன்னு சொல்லு. சீர்ப் பொருளை யாரு எடுத்து வைக்கணும்? பொண்ணு வீட்டுப் பொம்பளைங்கதானே? மாப்பிள்ளை வீட்டு ஆளு அதுல கையே வைக்கக் கூடாதே.”

ஃபோனில் இருந்த தோஜிகானுக்கும் கேட்டுவிட்டது. அந்தப் பக்கம் அவள் கைதட்டுகிற சத்தம் வந்தது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு அறை அலங்கரிக்கிற நாள். பெண் வீட்டுப் பெண்கள் சீரோடு போய், மெத்தை அடுக்கி, திரை மாட்டி, எல்லாம் வைத்துவிட்டு வருவார்கள். அன்றைக்கு நாங்கள் எந்த வேலை செய்தாலும் கேட்பாரில்லை. அதே மாதுளைப் படத்தைத் தேடி அத்தான் கோகந்து நகரம்வரை போய் வாங்கி வந்தார். மெத்தைகளுக்கு நடுவே டைல்ஸ் பெட்டி, பட்டுத்துணியில் சுற்றிய கரணை, பூப்போட்ட தலையணை உறைக்குள் பசை மூட்டை. அக்கா விருந்துச் சட்டையோடு உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு வேலைச் சட்டையை மாட்டினாள். நான் நாற்காலி மேல் ஏறித் திரை மாட்டினேன்.

மதியத்துக்கு மேல் மோமின்ஜான் வந்துவிட்டார். என்னால் தடுக்க முடியவில்லை. குளியலறை வாசலில் நின்று பார்த்தார். அக்கா ஒரு டைல்ஸின் முதுகு முழுக்கப் பசை இழுத்து, பல் கரணையால் வரி போட்டு, சுவரில் வைத்து அழுத்தி, ரசமட்டம் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். பத்து டைல்ஸ் ஒட்டி முடிகிறவரை அவர் பார்த்தார். அவர் காது நுனி சிவந்துபோனது.

“முழுசா இழுக்கணுமோ?” என்றார் கடைசியில்.

“தண்ணி படுற சுவருக்கு முழுசா இழுக்கணும் அண்ணே.”

“அப்ப அண்ணி கொப்பரையை உருட்டலைன்னாலும்...”

அக்கா அடுத்த டைல்ஸை எடுத்தாள். அவர் சட்டைக் கையை மடித்தார். “பசையாவது கலக்கித் தரேன். கலக்குறது சீரு இல்லையே? அது வெறும் தண்ணியும் பொடியும்தானே?” சாயங்காலம் வரை உட்கார்ந்து கலக்கினார். போகும்போது, “எங்க வீட்டுக் குளியலறையையும் நான்தான் ஒட்டுனேன் சம்பந்தி. தயவுசெஞ்சு அந்தப் பக்கம் கை கழுவ மட்டும் வந்துராதீங்க” என்றார். அக்கா கரணையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

மறுநாள் இடுக்குகளில் பூச்சுப் பூசும்போது தோஜிகான் உள்ளே வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள்.

அக்கா கேட்டாள்: “ஒட்டுனதுல குறைன்னு என்னைச் சொல்லச் சொல்லியிருக்கலாமே. பழி எம்மேல போயிருக்கும். நீங்க ஏன் உடைச்சுட்டு ஏச்சு வாங்குனீங்க?”

“நான் இந்த வீட்டுக்கு வந்த மூணாம் நாள் மாட்டுக்கொட்டகைச் சுவரு விழுந்துச்சு. ரெண்டு மாசம் விடாம மழை. மண்ணு சுவரு. விழாம என்ன செய்யும்? ஆனா என் மாமியாரு சாகுற வரைக்கும் அது என் காலுதான். பெரிய நாத்தனாரு இப்பவும் ஏதாவது உடைஞ்சா முதல்ல என் காலைப் பாப்பாங்க. முப்பது வருசம் ஆச்சு, சம்பந்தி. ஒவ்வொரு தடவை வாசப்படி தாண்டும்போதும் எனக்கு அது ஞாபகம் வரும்.” அவள் புதுச் சுவரைத் தடவினாள். “விழுறது எம் மருமக வர்றதுக்கு முன்னாடியே விழட்டும்னு நெனச்சேன். எங் கையாலேயே விழட்டும்னு நெனச்சேன்.”

அக்கா பூச்சுக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள். தோஜிகானின் வெல்வெட் சட்டையில் பத்து விரலும் பதிந்துபோயிற்று. நான் திரைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அது வேறு புதுத் துணி.

கல்யாணத்தன்று பெண்ணின் அம்மா மாப்பிள்ளை வீட்டுக்குப் போகக் கூடாது. துணைப்பெண்ணாக நான் போனேன். மவ்ஜுதா வெள்ளை முக்காட்டில் வலது காலை எடுத்து வாசற்படி தாண்டினாள். அவள் இரண்டாவது அடி வைக்கவில்லை, கூட்டத்தில் யாரோ இடித்து, தோஜிகானின் பெரிய நாத்தனார் கையிலிருந்த பீங்கான் தேநீர்க் கெண்டி கல்தரையில் விழுந்து சுக்குநூறானது. தாரை தப்பட்டைகூட ஒரு நொடி நின்றுபோனது. பெரிய நாத்தனார் கெண்டியைப் பார்க்கவில்லை. நேரே என் அக்கா மகளின் காலைப் பார்த்தார். வாயும் திறந்துவிட்டது.

தோஜிகான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து நடுவில் நின்றாள்.

“போங்க அண்ணி! நான் போன மாசம் ஒரு சுவரையே உடைச்சேன், நீங்க ஒத்தைக் கெண்டியைப் போட்டுட்டு என்ன முழிக்கிறீங்க? இந்த வீட்டுல உடைக்கிற வேலை என்னோடது. எம் மருமகளுக்கு அதுல பங்கு கிடையாது!”

முதலில் சிரித்தது மோமின்ஜான். பிறகு மொத்த முற்றமும் சிரித்தது. மறுபடி மேளம் அடித்தார்கள்.

விடிந்ததும் நான் அக்கா வீட்டுக்கு வந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று அழ ஆரம்பித்துவிட்டாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, “எம் பொண்ணுக்கு அந்த வீட்டுல ஒரு ஆளு இருக்கு, இனோபத்” என்றாள்.